லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கு: எந்த மாதம் போனால் எந்த உயரத்தில் தங்குவது

சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்குக்கு நவம்பரைத் தவிர எந்த மாதமும் போகலாம். ஆனால் மாதத்தோடு சேர்த்து உயரத்தையும் முடிவு செய்துகொண்டு போக வேண்டும். அந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் அறை எடுப்பவர்கள் ஜனவரியில் வெயில் எட்டிப் பார்க்காத பள்ளத்தில் ஒரு வாரம் விறைத்துப்போய்த் திரும்புகிறார்கள். அல்லது மே முதல் வாரத்தில், மேலே பூட்டிக் கிடக்கும் ஓட்டல்களுக்கு நடுவே சாப்பாட்டுக்கு அலைகிறார்கள். இடம் ஒன்றுதான், பணமும் ஏறத்தாழ ஒன்றுதான். தங்கிய உயரம்தான் தவறு.

எல்லாம் நில அமைப்பால் வருவது. பனியாறு குடைந்து போட்ட பள்ளத்தாக்கு இது. தரை தட்டையாக இருக்கும். இரு பக்கமும் பாறைச் சுவர் செங்குத்தாகச் சில நூறு மீட்டர் எழும்பி நிற்கும். சுவர் முடிகிற இடத்தில் திண்ணை போட்டாற்போல் புல்வெளி, அந்தத் திண்ணைக்கு மேலே பனிமலை. ஆக மூன்று தட்டு. அடித்தட்டில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், லவுட்டர்புரூனன் ஊர். பள்ளத்தாக்கின் கோடியில் ஸ்டெக்கல்பெர்க். நடுத்தட்டில் கிழக்கே வெங்கன் (1,274 மீட்டர்), மேற்கே கிம்மல்வால்ட் (1,367), அதற்கும் மேலே மியூரன் (1,638). மேல்தட்டில் கிளைன ஷைடெக் ரயில் நிலையம் (2,061), ஷில்ட்ஹார்ன் சிகரம் (2,970), யுங்ஃப்ராயோக் கணவாய் (3,454). அடித்தட்டுக்கும் உச்சிக்கும் இடையே இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருப்பதால் ஒரே நாளில் கீழே மழை, நடுவே மூடுபனி, மேலே சுட்டெரிக்கும் வெயில் என்பது இங்கே சாதாரணம். ஒரு தட்டு சரியில்லை என்றால் இன்னொன்றுக்கு ஏறிவிடலாம் என்பதே இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய பலம்.

ரயில்

இங்கே உள்ள சேவைகளில் முழு மதிப்பெண் ரயிலுக்குத்தான். சூரிக் விமான நிலையத்திலிருந்து பெர்ன் வழியாக இன்டர்லாக்கன் ஓஸ்ட், அங்கிருந்து சிறு ரயிலில் 20 நிமிடத்தில் லவுட்டர்புரூனன். மொத்தம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மாறுகிற இடங்களில் அடுத்த ரயில் காத்திருப்பது போலவே நேரம் அமைத்திருக்கிறார்கள்.

முதல்முறை வருபவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இன்டர்லாக்கன் ஓஸ்டில் நிற்கும் அந்த மஞ்சள்-நீல ரயில் பார்வைக்கு ஒரே ரயில். ஆனால் வழியில் ஸ்வைலூச்சினன் என்ற சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புரூனனுக்கு, மறுபாதி கிரிண்டல்வால்டுக்கு. கூட்டத்தில் கிடைத்த கதவில் ஏறி உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்கும். நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுதியிருக்கும், பெட்டியின் வெளிப்பக்கத் திரையிலும் ஊர் பெயர் ஓடும். ஏறுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். குடும்பமாகப் போனால் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுவது இன்னும் முக்கியம். மாறி ஏறிவிட்டால் ஸ்வைலூச்சினனிலேயே இறங்கி மாறலாம். தூங்கிவிட்டால்தான் கிரிண்டல்வால்டு வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

வெங்கனுக்கும் மியூரனுக்கும் கார் போகாது. கார் எடுத்து வருபவர்கள் லவுட்டர்புரூனன் நிலையத்தை ஒட்டிய பல மாடி நிறுத்தத்திலோ ஸ்டெக்கல்பெர்க் கேபிள் கார் நிலையத்திலோ விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். அதற்கும் நாள் கணக்கில் கட்டணம். இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் வருவதானால் கார் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வெங்கனுக்குப் பல்சக்கர ரயில் 14 நிமிடத்தில் ஏறிவிடும். 1893-ல் திறந்த பாதை அது. தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த கம்பி ஓடும், எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைப் பற்றிப் பிடித்து ஏறும். மழையோ பனியோ, அது சறுக்காது. கீழ்நோக்கிப் பார்க்கும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், முதல் சில வளைவுகளிலேயே பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும்.

மியூரனுக்கு இரண்டு வழி. லவுட்டர்புரூனன் நிலையத்துக்கு எதிரே கேபிள் காரில் குரூச்சால்ப் ஏறி, அங்கிருந்து மலை விளிம்பில் ஓடும் குட்டி ரயிலில் போவது ஒன்று. மற்றது, அஞ்சல் பேருந்தில் ஸ்டெக்கல்பெர்க் போய் அங்கிருந்து நேரே மியூரனுக்கு ஏறும் கேபிள் கார். 2024 டிசம்பரில் திறந்த அந்தப் பாதை உலகிலேயே மிகச் செங்குத்தான கேபிள் கார். அதன் சரிவு 159 சதவீதம். அதாவது தரையில் 100 மீட்டர் நகர்ந்தால் உயரத்தில் 159 மீட்டர் ஏறியிருப்போம். நாலு நிமிடத்தில் காதடைத்துவிடும். சளி பிடித்த குழந்தைகளுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்கவோ மெல்லவோ ஏதாவது கொடுங்கள். பெட்டி படுக்கையோடு முதல் நாள் போகிறவர்களுக்குக் குரூச்சால்ப் வழியே வசதி, ஏனென்றால் பேருந்து ஏறி இறங்கும் வேலை இல்லை. போகும்போது ஒரு வழி, வரும்போது மறு வழி என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

நடுத்தட்டில் தங்குகிறவர்கள் கடைசி வண்டியின் நேரத்தை அறைக்கு வந்த முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டும். கீழே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆற அமர வந்தால் கேபிள் கார் நின்றிருக்கலாம். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும் என்பதால் பழைய பயணக் குறிப்புகளை நம்பக் கூடாது. சுவிஸ் ரயில்வேயின் செயலி எஸ்பிபி மொபைல் ரயில், பேருந்து, கேபிள் கார் எல்லாவற்றையும் ஒரே தேடலில் காட்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

மாதங்கள்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை அடித்தட்டில் தங்குங்கள். பனி உருகி அருவிகள் பெருகும் காலம் இது. பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் கண்ணில் படுவது இந்தச் சில வாரங்களில்தான். ஊருக்குள்ளேயே விழும் ஸ்டௌபாக் அருவி 297 மீட்டர். மேலிருந்து விழும் தண்ணீர் பாதி வழியிலேயே காற்றில் சிதறிப் புகையாகிவிடுவதால், கீழே நிற்பவர் மேல் விழுவது தூறல்தான். அருவிக்குப் பின்னால் பாறையைக் குடைந்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். கோடையில் மட்டும் திறப்பார்கள். ஏறுவது செங்குத்து, படி ஈரம், ரப்பர் செருப்பு அதற்கு ஆகாது. அதே அருவியை ஆகஸ்ட் கடைசியில் வறண்ட ஆண்டில் பார்த்தால் மெல்லிய நூல்போல் தொங்கும். படத்தில் பார்த்து மயங்கி வருபவர்கள் ஏமாறுவது அப்போதுதான்.

இந்தப் பருவத்தில் மேல்தட்டு நடைபாதைகளை நம்பாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் ஜூன் நடுப்பகுதி வரைகூடப் பனித்திட்டுகள் பாதையை மறிக்கும். பார்வைக்குச் சின்னத் திட்டுதான், ஆனால் சரிவில் கிடக்கும் பழம்பனி கண்ணாடிபோல் வழுக்கும். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம், பிறகு நவம்பர் ஆகிய மாதங்களில் அறை எடுப்பதாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அறையின் படத்தை அல்ல, அந்தத் தேதியில் எந்தெந்தக் கேபிள் கார் ஓடாது என்ற அட்டவணையை.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நடுத்தட்டுக்கு உரியவை. கீழே பகல் பத்து மணி முதல் நாலு மணி வரை லவுட்டர்புரூனன் தெருவில் பேருந்து பேருந்தாக ஆள் இறங்குவார்கள். தேர்த் திருவிழாக் கூட்டம்தான். ஆறு சிற்றூர்கள் சேர்ந்த மொத்த நகராட்சிக்கே மக்கள் தொகை மூவாயிரத்துக்குள். அந்தத் தெரு அவ்வளவு பேரைத் தாங்காது. மியூரனிலோ வெங்கனிலோ தங்கினால், கடைசிப் பகல் வண்டி இறங்கியதும் ஊர் உங்களுடையது. ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் மாலை வெயிலில் சிவப்பதை மியூரனின் தெருவோர இருக்கையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

நடைகளில் முதலிடம் குரூச்சால்பிலிருந்து விண்டரெக் வழியாக மியூரன். ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் சமதளம், வழி நெடுக எதிரே மூன்று சிகரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் நடக்கலாம். முடியாவிட்டால் பாதி வழியில் விண்டரெக்கில் ரயில் ஏறிவிடலாம். இரண்டாவது, வெங்கனுக்கு மேலே உள்ள மென்லிகனிலிருந்து கிளைன ஷைடெக் வரை, அதுவும் ஒன்றரை மணி நேரம், மெதுவாக இறங்கும் பாதை. எதிர்த் திசையில் நடந்தால் ஏற்றம், அதனால் மென்லிகனில் தொடங்குங்கள். அடித்தட்டில் லவுட்டர்புரூனனிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை ஆற்றோரமாக நடக்கலாம், மழை நாளுக்கும் ஏற்றது.

மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் நடை நேரம் நிற்காமல் நடப்பவருக்கு. படம் எடுத்து, தண்ணீர் குடித்து, குழந்தையைத் தூக்கி நடப்பவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் குறி மட்டும் இருந்தால் சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவமும் கருவியும் உள்ளவர்களுக்கானது, திரும்பிவிடுங்கள்.

அக்டோபரின் முதல் பாதி மிக நல்ல காலம், பலருக்கும் தெரியாதது. காற்று தெளிவு, கூட்டம் பாதி, கீழ்ச்சரிவில் இலை நிறம் மாறும். காலையில் பள்ளத்தில் மூடுபனி நிரம்பிக் கிடந்தால் கவலைப்பட வேண்டாம். மியூரனுக்கு ஏறினால் அந்தப் பனி காலுக்குக் கீழே பால் கடல்போல் கிடக்கும். நவம்பரில் மலர் இல்லை, பனி இல்லை, பாதி கேபிள் கார் இல்லை, திறந்த ஓட்டலும் அதிகம் இல்லை. விலை குறைவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை பனிக்காலம். அப்போது அடித்தட்டில் அறை எடுக்கவே கூடாது. சுவர்களுக்கு நடுவே கிடக்கும் ஊருக்கு டிசம்பரில் வெயில் சில மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. 800 மீட்டரில் பனி நிச்சயமும் இல்லை, கீழே மழையும் சேறுமாக இருக்கும் அதே நாளில் மியூரனில் முழங்கால் அளவு பனி கிடக்கலாம். பனிச்சறுக்கு புதிதாகக் கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு வெங்கன் பொருத்தம், ஊருக்கு நடுவிலேயே பயிற்சிச் சரிவு இருக்கிறது. சறுக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மரச் சறுக்குவண்டி போதும். வாடகைக்குக் கிடைக்கும், ரயிலில் ஏற்றி மேலே போய் இறங்கி வரலாம். குதிகாலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும் என்பதால் தடித்த அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம். இந்தியாவிலிருந்து கொண்டு வரும் ஓட்டப் பயிற்சிக் காலணி முதல் சரிவிலேயே நனைந்து, இரண்டாவதில் கால் மரத்துவிடும்.

ஜனவரி நடுவில் வெங்கனில் லவுபர்ஹார்ன் சறுக்குப் போட்டி, 1930-லிருந்து நடப்பது. உலகக் கோப்பைப் போட்டிகளில் மிக நீளமான இறக்கப் பாதை, சுமார் 4.5 கிலோமீட்டர். போட்டி பார்க்க விரும்புகிறவர்கள் ஓராண்டு முன்பே அறை எடுக்க வேண்டும். விரும்பாதவர்கள் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும், ரயிலில் நிற்க இடம் இராது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வாரங்களிலும் விலை உச்சத்தில் இருக்கும். பணத்துக்கு நல்ல பலன் கிடைப்பது மார்ச்சில்தான். பகல் நீளும், பனி இன்னும் நிற்கும், விலை இறங்கும்.

யுங்ஃப்ராயோக் போவதா, ஷில்ட்ஹார்ன் போவதா

1896-ல் தொடங்கி 1912-ல் முடித்த யுங்ஃப்ராயோக் ரயில் பாதை ஐகர், மோன்க் மலைகளின் வயிற்றைக் குடைந்துகொண்டு 3,454 மீட்டருக்கு ஏறுகிறது. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம். மேலே போய்ப் பார்க்க வேண்டியது அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது. பனி அரண்மனை, கடைகள், இந்தியச் சாப்பாடு போடும் உணவகம் எல்லாம் உண்டு. அவை அத்தனையும் சேர்ந்தாலும் அந்தப் பனியாற்றைப் பார்க்கும் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. ஆகவே மேகம் மூடிய நாளில் அங்கே ஏறுவது பணத்தைக் கொட்டுவது. கோடையில் போய்வரக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். தேதி போட்டு மாதக்கணக்கில் முன்னால் வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் தங்குகிறவர்கள் இரண்டு மூன்று நாளைத் திறந்தே வைத்து, முந்தின மாலை வானிலை பார்த்து, காலை ஆறரைக்கு நேரடிக் கேமராவில் மேலே வானம் நீலமாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு வாங்குங்கள். அங்கே பல ஓட்டல்களின் தொலைக்காட்சியில் அந்தக் கேமராக் காட்சிக்கென்றே தனி அலைவரிசை ஓடும். ஜூலை, ஆகஸ்டில் இருக்கை முன்பதிவு தனிக் கட்டணம். எந்தப் பாஸ் வைத்திருந்தாலும் அது தனி.

போகும்போது வெங்கன், கிளைன ஷைடெக் வழியாகப் பல்சக்கர ரயில். திரும்பும்போது ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் இறங்கி ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கேபிள் காரில் 15 நிமிடத்தில் கிரிண்டல்வால்டு பக்கம் இறங்குங்கள். 2020 டிசம்பரில் திறந்தது அது. வட்டமடித்து வருவதால் பார்த்ததையே மறுபடி பார்க்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து ஃபோன் என்ற சூடான மலைக்காற்று அடிக்கும் நாளில் கேபிள் கார்கள் நிற்கும், பல்சக்கர ரயில் ஓடும். அந்த நாளில் வந்த வழியே திரும்பத் தயாராக இருங்கள்.

அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 800 மீட்டரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏறுவதால் உடல் பழக அவகாசம் இல்லை. தலைவலி, குமட்டல் வரலாம். படிகளில் ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், நிற்காத தலைவலி என்றால் அடுத்த ரயிலில் இறங்குங்கள், ஆயிரம் மீட்டர் இறங்கினாலே சரியாகிவிடும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. இவர்களுக்கெல்லாம் மியூரனே போதுமான உயரம்.

ஷில்ட்ஹார்ன் 500 மீட்டர் குறைவு, கட்டணமும் குறைவு. அங்கிருந்து பார்த்தால் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் எதிரே வரிசையாக நிற்கும். யுங்ஃப்ராயோக்கில் நாம் அந்த மலைத்தொடரின் மேலேயே நிற்பதால் அந்த வரிசை தெரியாது. பனியாறு பார்க்க வேண்டுமானால் யுங்ஃப்ராயோக், மலைகளைப் பார்க்க வேண்டுமானால் ஷில்ட்ஹார்ன். ஒன்றுதான் முடியும் என்றால் ஷில்ட்ஹார்னே எங்கள் தேர்வு.

மலை முழுக்க மூடிய நாளில் அடித்தட்டில் உள்ள ட்ரூமல்பாக் போங்கள். பாறைக்குள் ஒளிந்து விழும் பத்து அருவிகள். மூன்று சிகரங்களின் பனியாற்று நீரும் இந்த ஒரே பிளவு வழியாக இறங்குகிறது, உச்சத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர். மலைக்குள் ஓடும் லிஃப்டில் ஏறிப் படிகளில் இறங்கி வரலாம். உள்ளே பேச்சுக் கேட்காது, கைப்பிடிக் கம்பி அதிரும், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். நாலு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

பாஸ் கணக்கு

நம்மவர்கள் யோசிக்காமல் வாங்குவது சுவிஸ் டிராவல் பாஸ். நாடு முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல பொருள். ஒரே பள்ளத்தாக்கில் ஒரு வாரம் இருப்பவர்களுக்கு அல்ல. அது வெங்கன், மியூரன் வரை இலவசம். அதற்கு மேலே யுங்ஃப்ராயோக்குக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். இங்கே செலவு முழுக்க மேலேதான் இருக்கிறது. அரைக்கட்டண அட்டை வாங்கினால் கீழே பாதி கொடுக்க வேண்டும், ஆனால் மேலேயும் பாதிதான். 200 பிராங்கு மலைப் பயணத்தில் பாஸ்காரர் 150 கொடுக்கும் இடத்தில் அட்டைக்காரர் 100 கொடுப்பார். விமான நிலையம் போய்வருவது, ஒரு பெரிய சிகரம், இரண்டு மூன்று சிறு ஏற்றம் என்று திட்டமிட்டிருந்தால் பெரும்பாலும் அரைக்கட்டண அட்டையே மலிவு. உங்கள் ஒவ்வொரு நாள் பயணத்தையும் முழு விலையில் எழுதிக் கூட்டி, பாதியாக்கி, அட்டை விலையைச் சேர்த்து, பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். கால் மணி நேர வேலை, நாலு பேர் குடும்பத்துக்குச் சில நூறு பிராங்கு மிச்சம்.

யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் கோடையில் தினமும் ஏறி இறங்கி நடப்பவர்களுக்கு நல்லது. ஆனால் ஷில்ட்ஹார்ன் வேறு நிறுவனத்தின் கீழ் இருப்பதால் அது இதில் வராது. பெற்றோர் பாஸோ அட்டையோ வைத்திருந்தால், 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டு என்ற குடும்பப் பயண அட்டையை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள், ரயிலில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

தங்குமிடமும் சமையலும்

உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு ஆளுக்கு 25, 30 பிராங்கு ஆகிவிடும். நாலு பேர் ஒரு வாரம் என்றால் சமையலறை உள்ள விடுமுறை வீடுதான் கட்டுப்படியாகும். நெரிசல் பருவத்தில் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைதான் கொடுப்பார்கள், எனவே விமானச் சீட்டை அதற்கேற்ப எடுங்கள். காட்டும் வாடகையோடு முடிவுச் சுத்தக் கட்டணம், ஆளுக்கு இத்தனை என்று இரவுக்கிரவு ஊர் வரி, சில இடங்களில் படுக்கை விரிப்புக்குத் தனி என்று சேரும். ஒப்பிடும்போது மொத்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின்னடுப்பு, சில வீடுகளில் இண்டக்ஷன். அலுமினியக் குக்கரை இண்டக்ஷன் கண்டுகொள்ளாது. கொண்டு போவதானால் தட்டையான எவர்சில்வர் குக்கரைக் கொண்டு போங்கள். மியூரனுக்கு அது கட்டாயம் என்றே சொல்லலாம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் கண் விழித்துக்கொண்டே இருக்கும். குக்கரில் வழக்கத்துக்கு ஒரு விசில் கூட விட்டால் போதும். சுவிஸ் மின்துளை சுவருக்குள் குழிந்த அறுகோணம், மூன்று சிறு ஓட்டை. நம் மூன்று முனைச் செருகி அதில் நுழையாது. தடித்த வட்டமான ஐரோப்பிய அடாப்டரும் அந்தக் குழிக்குள் அடங்காது. சுவிட்சர்லாந்துக்கு என்றே போட்ட அடாப்டர் ஒன்றும் ஊரிலிருந்து ஒரு நீட்டிப்புப் பலகையும் போதும்.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்குப் பெர்னில் ரயில் மாறும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்பது ஆண்டுகளாக அங்கே வேரூன்றிய ஈழத்தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடைகள் அந்த ஊரில் உண்டு. ஐரோப்பா பிளாட்ஸில் உள்ள சமயங்களின் இல்லத்தில் சைவக் கோவிலும் இருக்கிறது, நிலையத்திலிருந்து சில நிமிடப் பயணம். பால், தயிர், ரொட்டி, காய்க்கு லவுட்டர்புரூனன், வெங்கன், மியூரன் மூன்று ஊரிலும் கூப் பல்பொருள் கடை உண்டு, மாலையில் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். தண்ணீர் போத்தல் வாங்காதீர்கள். குழாயிலும் ஊர்த் தொட்டியிலும் வருவது நல்ல குடிநீர். குப்பையைக் கட்டணம் செலுத்திய தனிப் பையில்தான் போட வேண்டும் என்பது பல ஊர்களின் விதி, எந்தப் பை என்று வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

வெளியே சாப்பிடும்போது ரோஸ்டி, அதாவது துருவி வறுத்த உருளைக்கிழங்கு, வயிறு நிறையும். அதிலும் மக்ரோனி-உருளை-பாலாடைக்கட்டிக் கலவையான ஆல்ப்லர்மக்ரோனனிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பது வழக்கம். ‘ஷ்பெக் வேண்டாம்’ என்று முன்பே சொல்லுங்கள். உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோண்டூவில் வெள்ளை ஒயின் சேரும், ஒயின் தொடாதவர்கள் பாலாடைக்கட்டியை உருக்கி உருளைக்கிழங்கோடு தரும் ராக்லெட் கேளுங்கள். பிராங்கில் கொடுங்கள், யூரோ வாங்கினாலும் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நட்டம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு ஷெங்கன் விசா. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு ஏப்ரல், மே வரை காத்திருந்தால் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலிவான காப்பீடுகளில் பனிச்சறுக்கு, மலை நடை, ஹெலிகாப்டர் மீட்பு மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கும். சறுக்கவோ நடக்கவோ போகிறவர் அந்தப் பட்டியலைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. மலையில் கால் முறிந்தால் இறக்கி வருவது ஹெலிகாப்டர்தான். சுவிஸ் வான்மீட்புச் சேவை ரேகாவின் எண் 1414, ஆம்புலன்ஸ் 144. இரண்டையும் குடும்பத்தில் ஒவ்வொருவர் தொலைபேசியிலும் பதிந்துவிட்டு, நடக்கக் கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.